ஓசையா, காற்றா? வடசென்னையில் ஓபன்-பேக் ஹெட்போன் குறித்து ஒரு மறுவாசிப்பு

வடசென்னைக்கு ஓபன்-பேக் ஹெட்போன் ஒத்துவராது என்ற முடிவு, இசை கேட்கும் பழக்கம் பற்றி எழுதுவோரிடையே பெரிய விவாதம் இல்லாமலேயே நிலைத்துவிட்டது. அதன் தருக்கம் சுருக்கமானது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகமும் ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த பட்டை. அங்கே வெளியோசை மிகுதி. பின்புறம் வலையாகத் திறந்திருக்கும் ஹெட்போன் வெளியோசையைத் தடுக்காது. ஆகவே மூடிய வகையே தக்கது. ஒவ்வொரு படியும் தனித்துப் பார்த்தால் சரியாகவே தோன்றும். ஆனால் முதல் படிக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆவணத்தை நிதானமாகப் படித்தால் மற்ற படிகளுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இப்பகுதியில் திறந்த வகைக்கு மெய்யான இடர் ஒன்று உண்டு. அது காற்றிலிருந்து வருகிறது, ஓசையிலிருந்து அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. அட்டவணையும் அதன் குறிப்புகளும்

சான்றாகக் காட்டப்படுவது, 2000 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட ஒலி மாசு ஒழுங்குமுறை, கட்டுப்பாட்டு விதிகளின் இணைப்பு அட்டவணை. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புக்கு 55, 45. அமைதிப் பகுதிக்கு 50, 40. எல்லாம் ஏ-எடையிட்ட டெசிபெல், சம ஆற்றல் சராசரி. முந்தைய ஆய்வுப்போக்கு இதிலிருந்து முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. திருவொற்றியூரும் எண்ணூரும் தொழிற்பகுதிகள். ஆகவே அங்கே வெளியோசை 75. அமைதியான அறையில் ஒருவர் இசை கேட்கும் அளவும் அதை ஒட்டியதே. எனவே இசை மூழ்கும் என்று முடித்தது.

இந்த வாசிப்பில் நான்கு இடறல்கள் உள்ளன. முதலாவது வெளிப்படையானது. அட்டவணை தருவது உச்சவரம்பு. நிலவரத்தை அளந்து சொன்ன எண் அன்று. சாலையோர வீட்டில் ஓசை அதைத் தாண்டலாம். மூன்றாம் தெருவின் பின்கட்டில் அதன் பக்கத்திலும் வராமல் போகலாம். சட்டம் அனுமதிக்கும் அளவைக் காதில் விழும் அளவாகக் கொள்வது பிழை.

இரண்டாவது, அட்டவணையின் நான்காம் குறிப்பு. கலப்புப் பகுதிகளை நான்கு வகைகளுள் ஒன்றாக அறிவிக்கும் அதிகாரம் உரிய அலுவலருக்கு உண்டு என்று அது சொல்கிறது. அதாவது, விதியை எழுதியவர்களே இந்திய நகரம் நான்கு கட்டங்களுக்குள் அடங்காது என்று அறிந்திருந்தார்கள். வடசென்னை இந்தக் குறிப்புக்கென்றே அமைந்த ஊர். திருவொற்றியூரில் தியாகராசர் கோயில் மாட வீதி, நெடுஞ்சாலை, டயர் ஆலை, மீனவர் குப்பம் எல்லாம் நடந்து போகும் தொலைவுக்குள் அடக்கம். ராயபுரத்தில் அரசு மகப்பேறு மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கத் தக்கது. துறைமுகத்துக்குப் போகும் சாலை அதிலிருந்து வெகுதூரம் இல்லை. இத்தகைய ஊருக்கு ஒற்றை எண் கொடுப்பது ஆட்சி வசதிக்கு உதவலாம். கேட்பவருக்கு உதவாது.

மூன்றாவது, சராசரி. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு லாரிகள் கடக்கின்றன. ஒவ்வொன்றும் 20 விநாடிக்கு 80 டெசிபெல் எழுப்புகிறது. மற்ற 56 நிமிடமும் ஓசை 55 டெசிபெல். இதன் சம ஆற்றல் சராசரி 68-ஐத் தாண்டும். அந்த மணி நேரத்தில் எந்தக் கணத்திலும் 68 டெசிபெல் ஒலிக்கவே இல்லை. நேரத்தில் 93 விழுக்காடு குடியிருப்புக்கான பகல் வரம்புக்குள்ளேயே கழிந்திருக்கிறது. மக்களின் உடல்நலத்தைக் காக்க இந்தச் சராசரி நல்ல அளவுகோல்தான். ஒரு ராக ஆலாபனையைக் கேட்க இயலுமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நான்காவது இடறலே முதன்மையானது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏ-எடையிடல் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துவிடுகிறது: 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபெல், 63 ஹெர்ட்ஸில் 26, 31.5 ஹெர்ட்ஸில் 39. கனரக டீசல் எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் வாழ்வது இந்த அடித்தளத்தில். 63 ஹெர்ட்ஸில் 80 டெசிபெல் உறுமல் அட்டவணையின் கணக்கில் 54 ஆகிவிடும். ஆக, இந்த வட்டாரத்துக்கே உரிய ஓசையைத்தான் இந்த அளவுகோல் மிகக் குறைத்துக் காட்டுகிறது.

இது என் வாதத்துக்கே எதிரானதுபோல் தோன்றலாம். உறுமல் கணக்கில் வருவதைவிட அதிகம் என்றால், திறந்த வகைக்கு இன்னும் கேடுதானே? இங்கேதான் எதிர்த்தரப்பின் இரண்டாவது எண்ணையும் சோதிக்க வேண்டும். மூடிய வகையின் தடுப்புத் திறனுக்குத் தயாரிப்பாளர்கள் ஓர் எண் தருகிறார்கள், சென்ஹைசர் எச்.டி. 280 புரோவுக்கு அது 32 டெசிபெல் வரை. ‘வரை’ என்பதைக் கவனிக்காமல் பலர் 75-இலிருந்து 32-ஐக் கழித்து 43 என்று எழுதிவிடுகிறார்கள். காதைச் சுற்றி மூடும் கிண்ணம் ஒலியைத் தடுப்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே தடுப்பு நன்றாக இருக்கும். இருநூறுக்குக் கீழே இறங்க இறங்கத் தேய்ந்து, பெரும்பாலான ஹெட்போன்களில் பொருட்படுத்தத் தகாத அளவுக்குப் போய்விடும். மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைச் சிறிது தூக்கினாலே இருந்த தடுப்பும் கசியும்.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் நிலைமை தெளிவாகிறது. வட்டாரத்தின் தனி ஓசை அடித்தளத்தில் இருக்கிறது. மூடிய வகையின் ஆற்றலோ மேல்தளத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. லாரி உறுமலில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மங்குகிறது என்றால், இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மங்கும். தாழ்ந்த ஓசை தனக்கு மேலுள்ள அதிர்வெண்களையும் மறைக்கும் என்ற உளஒலியியல் உண்மையை இங்கே கொண்டுவருவோர் உண்டு. உண்மைதான், அந்த உறுமல் மூடிய கிண்ணத்துக்குள்ளும் வந்துவிடுவதால் அது இருதரப்பையும் ஒருசேரத் தாக்குகிறது.

மூடிய வகை மெய்யாகவே தடுப்பது ஹாரனின் மேல்சுரங்களையும் பேச்சொலியையும் குக்கர் விசிலையும். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. அவை விட்டுவிட்டு வருபவை. இடம் மாறி அமர்ந்தால் குறைபவை. சாலை போன்ற நீண்ட ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டிக்கும்போது ஓசை ஏறக்குறைய 3 டெசிபெல் குறையும். இடையில் ஒரு வரிசைக் கட்டடம் நின்றால் இன்னும் குறையும். ஆகவே முடிவு செய்ய வேண்டியது வட்டாரத்தை வைத்து அன்று. எந்த அறை, எந்த நேரம் என்பதை வைத்தே. நேரத்திலும் பொதுவிதி உதவாது. தொழிற்பகுதியின் இரவு வரம்பு 5 டெசிபெல் மட்டுமே இறங்குகிறது, மற்ற மூன்றிலும் 10 இறங்குகிறது. ஆலை உறங்காது என்பது விதியை எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. காசிமேட்டில் விடியலுக்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். அங்கே அமைதி முற்பகலில் வாய்க்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஞாயிறு பிற்பகலில் வாய்க்கலாம்.

திறந்த வகைக்கு இவ்வட்டாரத்தில் தனி நியாயம் ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தெருவில் எழும் கூச்சலே முதல் எச்சரிக்கையாகும் ஊரில், தெருவைக் காதிலிருந்து அறுத்துவிடாத கருவிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு எந்தத் தரவுத்தாளிலும் அச்சாவதில்லை.

2. காற்று என்னும் உண்மையான இடர்

திறந்த வகையின் பின்வலை ஒலியை வெளியே விடுவதற்காகப் போடப்பட்டது. ஒலியெழுப்பும் சவ்வுக்குப் பின்னே காற்று அடைபடாததால் கிண்ணத்துக்குள் எதிரொலி குறைகிறது. இசை ஒரு மேடைபோல் விரிந்து கேட்கிறது. அதே வலை வழியாகக் காற்று உள்ளேயும் வருகிறது. முந்தைய ஆய்வுகள் ஓசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை ஒற்றை வாக்கியத்தில் கடந்துபோனது வியப்பளிக்கிறது.

முதலில் உப்பு. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானாகவே நீர் உறிஞ்சிக் கரைசலாகிறது. சென்னைக் கடற்கரையின் காலைநேர ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த எல்லையைத் தொடும் அல்லது தாண்டும். பிற்பகல் கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்புத்துகள், மறுநாள் விடியலில் உலோகத்தின் மீது மின்பகுளிப் படலமாகிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களும் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடு அதோடு சேர்ந்தால் அரிப்பு விரையும். சென்ஹைசரின் திறந்த வகையான எச்.டி. 600 வரிசையில், சவ்வை அசைக்கும் காயில் அலுமினியக் கம்பியால் ஆனது. குளோரைடு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும். நியோடிமியம் காந்தத்தின் முலாம் சற்றுப் பெயர்ந்தாலும் உள்ளே துரு பரவும்.

அடுத்தது தூசு. சென்னைத் துறைமுகம் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவதை நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. ராயபுரத்து மாடிகளுக்கு அது விடிவு; நிலக்கரியோ எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பலில் காந்தம் இழுக்கும் நுண்ணிய இரும்பு ஆக்சைடு மணிகள் ஒரு பங்கு கலந்திருக்கும். டைனமிக் டிரைவரில் காயில் அசையும் இடுக்கு மிகக் குறுகியது; அங்கே காந்தப்புலம் வலியது. வலை வழியே வரும் அத்தகைய மணி காலப்போக்கில் இடுக்கை நாடும். அதன் அறிகுறி, தாழ்சுரங்களில் கேட்கும் மெல்லிய கரகரப்பு. சவ்வே தட்டையாக விரிந்த பிளானர் வகையில் சவ்வின் இருபுறமோ ஒருபுறமோ காந்தச் சட்டங்கள் வரிசையாக நிற்பதால் இழுபரப்பு இன்னும் பெரிது. நூலினும் மெல்லிய படலத்தின் மேல் அலுமினியத் தடங்களும் திறந்தே கிடக்கும். எண்ணூரையொட்டி வாழ்பவருக்குப் பிளானரை நான் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான். தயக்கம் என்பது மென்மையான சொல். வெளிப்படையாகச் சொன்னால், வாங்க வேண்டாம் என்பேன்.

3. தேர்வும் பேணலும்

காற்றே அளவுகோல் என்றால் தேர்வின் கேள்விகளும் மாறுகின்றன. ஒலிவளைவு வரைபடம் இரண்டாம் இடத்துக்குப் போகிறது. எந்தெந்தப் பகுதி கழன்று வரும், எது தனியாக விலைக்குக் கிடைக்கும் என்பது முதலிடத்துக்கு வருகிறது. 1968-இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்.டி. 414 திறந்த வகையின் முன்னோடி. அதன் மஞ்சள் பஞ்சைக் கழற்றி அலச முடிந்தது. 1997-இல் வந்த எச்.டி. 600-இல் மெத்தை, டிரைவர் முன்னுள்ள பஞ்சு வட்டு, வடம், வலை, தலைப்பட்டை எல்லாமே கருவி அதிகம் இல்லாமல் மாற்றத்தக்கவை. அதன் 300 ஓம் மின்தடைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் உதவும். ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபெல் தரும் கருவி, அரை வோல்ட் தரும் கைபேசியில் 91-இல் நின்றுவிடும். வடம் உள்ளேயே பற்றவைக்கப்பட்ட கருவியை, ஒலி எவ்வளவு சிறந்தாலும், இக்கரையோரத்தில் தவிர்ப்பது நல்லது.

மெத்தையில் வெல்வெட் வகையே மேல். செயற்கைத் தோலின் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் நீராற்பகுப்புக்கு உள்ளாகிச் செதில் செதிலாக உரியும். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் வியர்வையும் அதை விரைவுபடுத்தும். வெல்வெட்டும் எண்ணெயில் அமுங்கி இறுகும். மெத்தை தட்டையானால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள இடைவெளி குறைந்து ஒலியின் சமன் மாறும். ஹெட்போன் பழசாகிவிட்டது என்று சொல்பவர் பலருக்கும் உண்மையில் பழசானது மெத்தை மட்டுமே.

பேணலில் காலம் முக்கியம். கடற்காற்று எழும் முன் ஹெட்போனைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். கேட்டு முடித்த உடனே வியர்வை ஈரத்தோடு மூடாமல், மின்விசிறியின் கீழ் சற்று ஆறவிட்டு மூட வேண்டும். வலையை மெல்லிய உலர் தூரிகையால் வெளிநோக்கித் துடைக்கலாம். அழுத்தக் காற்றை ஊதுவதும் வாக்குவம் கிளீனரை வைப்பதும் சவ்வைக் கிழிக்கும். மெத்தையை மட்டும் கழற்றி மென்சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். வடத்தின் ஊசிமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் பச்சைப் படிவு தங்காது. பஞ்சு வட்டு பொடியத் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். அதுவே தூசுக்கும் சவ்வுக்கும் இடையே நிற்கும் கடைசித் தடுப்பு.

4. மறுப்புகள்

ஒற்றை அறை வீட்டில் திறந்த வகையின் ஒலி கசிந்து பக்கத்தில் தூங்குபவரை எழுப்பும் என்பர். மெய்; அது வீட்டின் அளவைப் பற்றிய மறுப்பு, வட்டாரத்தைப் பற்றியது அன்று. மின்னணு ஓசைநீக்கம் உறுமலை வெல்லும் என்பர். அதுவும் மெய், பேருந்திலும் மெட்ரோவிலும் அதையே அணியலாம். இத்தகைய நுண்கேட்டல் இந்த ஊருக்கு அந்நியம் என்ற தொனி சில எழுத்துகளில் இழையோடுகிறது. கர்நாடக இசை மேதைகளான வீணை குப்பையரும் அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யரும் வாழ்ந்து பாடிய ஊரைப் பற்றி அப்படி எழுதுவதற்கு மறுமொழி தேவையில்லை.

எடைபோட வேண்டிய மறுப்பு ஒன்றே: ஓசைக்கு மேலே கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதால் செவி கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 நெறிமுறை, வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். உறுமல் உள்ளே வரும் மூடிய வகையிலும் ஒலியைக் கூட்டும் ஆசை எழத்தான் செய்யும். தெருவில் அமைதி இருக்கும்போது ஒலியளவை ஒருமுறை வைத்துவிட்டு, அதைக் கூட்டத் தோன்றும் வேளையில் கழற்றி வைப்பதே இரு வகைக்கும் பொதுவான விதி.

இனி இவ்வட்டாரத்தின் கேட்டலை ஆராய்பவர் அட்டவணையின் முதல் வரியை மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட அறையில் அதிர்வெண்வாரியாக ஓசையை அளந்து எழுத வேண்டும். அதே அறையில் ஒரு பருவம் முழுக்கப் படியும் உப்பையும் சாம்பலையும் எடைபோட வேண்டும். இரண்டாவது அளவே ஹெட்போனின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்பது என் துணிபு. வாங்குபவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: கடைக்காரரிடம் முதலில் உதிரி மெத்தையும் பஞ்சு வட்டும் வடமும் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்கட்டும். விடை சரியாக வந்த பிறகு ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்க்கலாம்.