போக்கர் சீட்டுகளும் பகா எண்களும்

19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகள் வழியே அமெரிக்காவில் பரவிய போக்கர் ஆட்டம், தொடக்கத்தில் 20 சீட்டுகளைக் கொண்டே ஆடப்பட்டது. 52 சீட்டுகள் கொண்ட முழுக்கட்டு புழக்கத்துக்கு வந்த பிறகே, ஐந்து சீட்டுகளும் ஒரே இனமாக அமையும் ‘ஃபிளஷ்’, ஐந்தும் வரிசையாக அமையும் ‘ஸ்ட்ரெய்ட்’ ஆகியவை விதிகளில் நிலைபெற்றன. ‘கை’ எனப்படும் ஐந்து சீட்டுத் தொகுதி எவ்வளவு அரிதோ அவ்வளவு உயர்ந்தது என்பதே இந்தத் தரவரிசையின் அடிப்படை. அமையக்கூடிய 25,98,960 கைகளில் ஒரே இனத்தில் வரிசையாக வருபவை 40 மட்டுமே. ஒற்றை ஜோடி கொண்டவையோ 10,98,240.

பழகிய ஆட்டக்காரர் ஒரே பார்வையில் கண்டுகொள்ளும் இந்தத் தரத்தைக் கணினிக்குக் கற்பிக்க முயன்றவர்கள், சீட்டுகளை மதிப்பு வரிசையில் அடுக்கி, உயர்ந்த வகையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையையே முதலில் கையாண்டனர். விடை சரியாகவே வரும். ஆனால் ஒரு முடிவை எடுக்குமுன் லட்சக்கணக்கான கைகளை மதிப்பிட வேண்டிய நிரலுக்கு அந்த வேகம் போதாது.

‘கேக்டஸ் கெவ்’ என்ற பெயரில் அறியப்பட்ட நிரலாளர் வகுத்து, 2000களில் பரவலாக அறியப்பட்ட வழிமுறை, இந்தச் சிக்கலை எண்கணிதத்தால் அவிழ்த்தது. போக்கரில் இனங்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்பதால், இருபத்தாறு லட்சத்தை நெருங்கும் கைகள் வெறும் 7,462 தரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. நான்கு இனங்களுக்கும் தனித்தனி இரும இலக்கம், அதாவது 0 அல்லது 1 மட்டுமே ஏற்கும் இடம், ஒதுக்கப்படுவதால், ஐந்து சீட்டுகளுக்கும் பொதுவான இலக்கம் ஏதேனும் எஞ்சுகிறதா என்று பார்த்தாலே ஃபிளஷ் புலப்பட்டுவிடும்.

மதிப்பு திரும்ப வரும் கைகளுக்கு அவர் கண்ட வழியே இந்த வரலாற்றின் மிக அழகிய பகுதி. மதிப்புகளை வெறுமனே கூட்டினால் நான்கும் ஆறும், இரண்டு ஐந்துகளும் ஒரே தொகையைத் தந்து குழப்பும். அதனால் இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 5 என்று தொடங்கி ராஜாவுக்கு 37, ஏஸுக்கு 41 வரை பகா எண்களை அவர் வழங்கினார். எந்த முழு எண்ணும் ஒரே ஒரு வகையில்தான் பகா எண்களின் பெருக்கலாகப் பிரியும் என்பதால், மூன்று ராஜாக்களும் இரண்டு இரண்டுகளும் தரும் 2,02,612 என்ற பெருக்கற்பலனை, சீட்டுகள் எந்த வரிசையில் வந்தாலும், வேறெந்த மதிப்புச் சேர்க்கையாலும் தர முடியாது. இத்தகைய பெருக்கற்பலன்கள் 4,888 மட்டுமே என்றாலும், அவற்றில் மிகப் பெரியது 10,45,53,157 ஆகையால், நேரடி அட்டவணை கட்டாமல், பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை பயன்பட்டது. பின்னர் பால் சென்சீ என்ற நிரலாளர், ஒவ்வொரு பெருக்கற்பலனையும் அதற்குரிய இடத்துக்கு நேரே கொண்டுசேர்க்கும் சூத்திரத்தால் அந்தத் தேடலையும் நீக்கினார்.

டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் 21 சேர்க்கைகளைச் சோதிக்க நேர்ந்தது. நினைவகம் மலிவானதும், 3,24,87,834 இடங்கள் கொண்ட ஒரே அட்டவணையில், சீட்டுக்கு ஒன்றாக ஏழே தாவல்களில் விடை காணும் முறை உருவாயிற்று. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டெம் ஆட்டத்துக்கு ஏறக்குறைய முழுத் தீர்வு கண்ட ‘செஃபியஸ்’ நிரலை அறிவித்தபோது, எதிராளியின் சீட்டு தெரியாத நிலையில் எப்படிப் பந்தயம் கட்டுவது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி; கையைத் தரம் பிரிப்பது அதற்குள் தீர்ந்துபோன கணக்காகியிருந்தது.