சும்மா தட்டுற மாடு

2009-ல் பேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' வந்தது. நேரத்துக்குப் போய் அறுக்கலைன்னா வெள்ளாமை வாடிப்போகும். இதைக் கிண்டல் பண்ணத்தான் 2010-ல் அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட் 'கவ் கிளிக்கர்' செய்தார். ஒரு மாடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா அதைத் தட்டலாம். அவ்வளவுதானுங்க! அதையும் ஆயிரக்கணக்கானவங்க ஆடினாங்க. 2011-ல் மாடுகளையே மறைய வெச்சார். காலி இடத்தையும் சிலர் தட்டினாங்க. 2013-ல் பிரான்ஸ்காரர் ஜூலியன் தியெனோவின் 'குக்கி கிளிக்கர்' வந்தது. கொஞ்ச நேரம் தட்டினாப் போதும், அப்புறம் பிஸ்கட் தானாவே பெருகும்.

பெரியநாயக்கன்பாளையத்துல எங்க மாட்டுக்கு விடியக்காலம் ஒரு கறவை, பொழுதோட ஒரு கறவை. ஒரு வேளை தவறினா மடி கனத்துக் கத்தும். அந்த மாட்டுக்கு வலிக்காது. பார்த்துக்கிட்ட சந்தோஷம் உண்டு, பாரம் இல்லை. சனங்க மயங்குறது அதுக்குத்தானுங்க.