நோயாளியின் சொல் கேட்ட மருத்துவர்

பெருங்கருவிகளால் மருத்துவம் பெற்ற வெற்றிகள் பல. நோயாளி ஒருவர் சொன்ன சொல்லைச் செவிமடுத்ததால் விளைந்த வெற்றி ஒன்றை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முடக்குவாதம் என்பது முதுமையில் மூட்டுத் தேய்வதால் வருவது என்று பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது அது. காவலனே வீட்டை இடிப்பது போன்றது. இளைஞரையும் அது விடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றும். 1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லாந்த்ரே-போவே இந்நோயைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். 1859-இல் ஆங்கில மருத்துவர் ஆல்பிரட் காராட் அதற்கு இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தது; தக்க மருந்து கிடைக்கவில்லை.

1929-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்பாரிடம் ஒரு நோயாளி, தமக்கு மஞ்சட்காமாலை கண்டபின் மூட்டுவலி தணிந்தது என்றார். ஹெஞ்ச் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. அத்தகையோரைத் தேடிக் குறித்துவைத்தார். கருவுற்ற பெண்களுக்கும் நோய் தணிவதைக் கண்டார். உடலில் தோன்றும் ஏதோ ஒரு பொருளே நோயைத் தணிக்கிறது என ஊகித்தார். அங்கேயே எட்வர்டு கெண்டல் என்னும் வேதியியல் அறிஞர் அட்ரினல் சுரப்பியின் பொருள்களை ஆராய்ந்துவந்தார். அவற்றுள் ஒன்றை 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினர். நடக்கவே துன்புற்ற அவர் சில நாட்களில் எளிதாக நடந்தார்! அதுவே கார்ட்டிசோன். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்து அறிஞர் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆயினும் மகிழ்ச்சிக்கு நிழலும் உண்டு. மருந்தை நிறுத்தியதும் நோய் மீண்டது. நெடுநாள் மிகுதியாகக் கொண்டோருக்கு முகம் வீங்கியது, எலும்பு வலுவிழந்தது. நோயை அது அடக்கியதேயன்றி வேரறுக்கவில்லை. இன்று மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே அளித்து, மூட்டுச் சிதையுமுன் காக்க முயல்கின்றனர். அளவான பயிற்சியும், புகைபிடிப்பதை விடுதலும் துணைசெய்யும்.

என் உள்ளத்தைக் கவர்வது அம்மருந்தினும் அந்தப் 19 ஆண்டுப் பொறுமையே. உங்கள் இல்லத்தில், காலையில் விரல் மடங்காமல் சொம்பைத் தூக்கத் தடுமாறும் அன்னையோ அத்தையோ இருக்கலாம். அதனைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் சொல்லைக் கேளுங்கள். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூட்டுச் சிதைந்தபின் அதனைப் பழைய நிலைக்கு மீட்பது அரிது.