வெள்ளை அருவியும் கழுவாத படமும்: குற்றாலம்–தென்காசிப் படங்களை முன்வைத்து ரா மென்பொருள்களின் வரலாறு

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துப் பேரருவிக்கு எதிரே நின்று ஒரு படம் எடுத்துப் பார்த்தால், கேமரா எங்கெங்கே தடுமாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். மேலிருந்து விழும் தண்ணீர் வெறும் வெள்ளைப் பட்டையாக நிற்கும். பின்னால் இருக்கும் ஈரப்பாறை கறுத்து அடைத்துக்கொள்ளும். மரங்களின் பச்சையில் ஒன்று நீலம் பாய்ந்திருக்கும், இல்லையென்றால் அது பிளாஸ்டிக் இலைபோல் பளபளக்கும். காற்றில் மிதக்கும் சாரல் புகைபோல மங்கிக் கிடக்கும். கேமரா தானே சமைத்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தில் இவற்றைத் திருத்த இடம் குறைவு. அதனால்தான் அக்கறையுள்ளவர்கள், சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா (raw) கோப்பில் எடுக்கிறார்கள். எடுத்தபின், அதை எந்த மென்பொருளில் திறப்பது என்ற கேள்வி வருகிறது. விலையையும் வசதிகளையும் அட்டவணை போட்டுப் பதில் சொல்வது வழக்கம். அந்த அட்டவணை ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஒரு படத்தின் நிறத்தை எந்தக் காலத்தில் யார் முடிவு செய்தார்கள் என்று பின்தொடர்ந்து போனால் தேர்வுக்கு இன்னும் உறுதியான அளவுகோல் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பார்ப்பது ஓரிடம், நிறம் கொடுப்பது வேறிடம் என்ற பிரிவு கேமராவுக்கே முந்தியது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து பாபநாச அருவியை வரைந்தார்கள். அது ‘ஓரியண்டல் சீனரி’ வரிசைக்கான அச்சுப்படமாக லண்டனில் உருப்பெற்றது 1804இல். இடையில் 12 ஆண்டுகள். பொதிகை மலையில் பதிவானதை வண்ணமாக்கிய வேலை, பொதிகை கண்ணில் படாத ஊரில் நடந்தது.

புகைப்படம் வந்ததும் இந்தப் பிரிவு மறையவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தார். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு அளவுக்குமேல் மசியும். எனவே வானம் எரிந்து, அச்சில் வெற்றுத் தாளாக வந்தது. டிரைப் தம் நெகடிவ்களின் மேலேயே சாயத்தால் மேகங்களைத் தீட்டினார். இன்று ‘ஹைலைட்’ ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்து வானத்தை மீட்கிறவர்களுக்கு அவரே முன்னோடி. ஒரு வித்தியாசம் உண்டு: அவருடைய மேகங்கள் அன்று வானத்தில் இருந்தவை அல்ல. இந்த வித்தியாசம் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டுடியோக்காரர் கையிலேயே எல்லாம் இருந்தது. எடுத்தவரே இருட்டறையில் படத்தைக் கழுவினார், டச்சிங் செய்தார், பிரிண்ட் போட்டார். பிலிமே ஊட்டியிலிருந்து வந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியில் இறங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் தாளும் கொடுத்தது. வண்ணச் சுருள் பரவியதும் அதிகாரம் கைமாறியது. வண்ணச் சுருளைக் கழுவ வெப்பநிலையைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். சிறிய ஊர் இருட்டறைக்கு அது கட்டுப்படியாகவில்லை. சுருள் பஸ் ஏறிப் பெரிய ஊரின் கலர் லேபுக்குப் போனது. மாப்பிள்ளையின் முகம் சிவப்பதும் குற்றாலத்துப் பச்சை மஞ்சளிப்பதும் லேபில் பொத்தான் தட்டுகிறவரின் கணிப்பாயிற்று. எடுத்தவர், கவரைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் ஆனார்.

டிஜிட்டல் கேமரா அந்த லேபைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1975இல் விண்ணப்பித்து 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில், சென்சாரின் புள்ளிகளில் பாதி பச்சையையும் கால்வாசி சிவப்பையும் கால்வாசி நீலத்தையும் மட்டும் அளக்கின்றன. எந்தப் புள்ளியும் மூன்று நிறத்தையும் அளப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். அதாவது, முழுப்படத்தின் நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். இந்த ஊகத்தைச் செய்வதுதான் ரா மென்பொருளின் முதல் வேலை. அதன் பிறகே ஒயிட் பேலன்ஸ், வெளிச்சம், கூர்மை எல்லாம். ‘ரா’ என்றால் தமிழில் இரவு என்பதும் நினைவுக்கு வருகிறது. இருட்டறைக்குள் நுழையாத படத்துக்கு அந்தப் பெயர் வாய்த்தது தற்செயல்தான்.

அருவிக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், அந்த 16,384இல் பாதி, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்கு, அதாவது ஒளி இரட்டிக்கும் ஒரே கட்டத்துக்கு, போய்விடுகிறது. தண்ணீரின் வெண்மை விழும் இடம் அதுதான். கேமராவின் திரையில் வெள்ளையாகச் செத்துப்போன அருவிக்குள், ரா கோப்பில் இழை இழையாகத் தண்ணீர் இருக்கலாம். எல்லை தாண்டி எரிந்திருந்தாலும், பெரும்பாலும் பச்சை முதலில் நிரம்பும். சிவப்பிலும் நீலத்திலும் தகவல் மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்கிறது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு.

டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் 1997இல் எழுதத் தொடங்கிய டிசிரா இதை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. கேமரா நிறுவனங்கள் தங்கள் ரா கோப்பின் அமைப்பை வெளியிடாத காலத்தில், அவர் கோப்புகளை உடைத்துப் பார்த்து, ஒரே ஒரு ‘சி’ மொழிக் கோப்பில் நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதில் எரிந்த வெளிச்சத்துக்கென்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. 0 என்று கொடுத்தால் எல்லாம் சுத்த வெள்ளை. 1 என்று கொடுத்தால் உள்ளது உள்ளபடி, அதாவது இளஞ்சிவப்பு: பச்சை நிரம்பி நின்றுவிட, ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் உயர்த்துவதால் பேரருவி ரோஸ்மில்க் நிறத்தில் கொட்டும். 2 என்றால் இரண்டையும் கலந்து சமன் செய்யும். 3 முதல் மேலே கொடுத்தால், இழந்ததை மறுபடி கட்டும். வணிக மென்பொருள்கள் இதே முடிவைத் திரைமறைவில் எடுத்துவிட்டு, அழகான வெள்ளையை மட்டும் காட்டுகின்றன. இதில் எனக்கு டிசிராவின் நேர்மை பிடிக்கும். அதை யாருக்கும் தினசரி உபயோகத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விலை குறைந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் 2003, 2004 ஆண்டுகளில் வந்தன. கேனான் 300டி, நிக்கான் டி70 இரண்டும் ரா கோப்பை அமெச்சூர் கைக்குக் கொண்டுவந்தவை. அதே 2003இன் பிப்ரவரியில், போட்டோஷாப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தாமஸ் நோல் எழுதிய அடோபி கேமரா ரா, 99 டாலர் விலையில் தனி இணைப்பாக வந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் போட்டோஷாப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. டென்மார்க்கின் பேஸ் ஒன் நிறுவனம் கேப்ச்சர் ஒன்னைக் கொடுத்தது. இன்னொரு டேனிஷ் நிறுவனமான பிக்ஸ்மன்டெக்கின் ரா ஷூட்டர் வேகத்துக்குப் பெயர் பெற்றது. 2006இல் அடோபி அந்த நிறுவனத்தையே வாங்கியது. ஆப்பிள் 2005இல் 499 டாலருக்கு அபெர்ச்சரை அறிவித்தது. 2007 பிப்ரவரியில் லைட்ரூம் 1.0. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் தொடங்கிய ரா தெரபி 2010இல் கட்டற்ற மென்பொருளானது. டார்க்டேபிளின் முதல் வெளியீடு 2009இல். இந்தப் பட்டியலில் ரா ஷூட்டரும் அபெர்ச்சரும் இன்று இல்லை.

2005 ஏப்ரலில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. நிக்கான் டி2எக்ஸ் கேமரா, தன் ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் தகவலைப் பூட்டி வைத்தது. நிக்கானின் சொந்த மென்பொருள் மட்டும் சாவி வைத்திருந்தது. தாமஸ் நோல் வெளிப்படையாகவே எதிர்த்தார். காஃபின் பூட்டைத் திறந்துவிட்டார். படம் எடுத்தவருடையதா, கேமரா செய்தவருடையதா என்ற கேள்வி முதல்முறையாகப் பெரிதாக எழுந்தது அப்போதுதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2004 செப்டம்பரில், அடோபி டி.என்.ஜி. என்ற பொது வடிவத்தை அறிவித்திருந்தது.

ஆனால் கோப்பு திறப்பதோடு சிக்கல் தீரவில்லை. 2013 மே மாதத்தில் அடோபி தன் போட்டோஷாப் குடும்பத்தை மாதச் சந்தாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. லைட்ரூம் மட்டும் இன்னும் சில காலம் ஒரேயடியாகவும் விற்கப்பட்டது. 2015 ஏப்ரலில் வந்த லைட்ரூம் 6 அப்படி விற்ற கடைசிப் பதிப்பு. அதற்கு இரண்டு மாதம் கழித்து மூட்டத்தை விலக்கும் ‘டீஹேஸ்’ ஸ்லைடர் வந்தது. சந்தாக்காரருக்குக் கிடைத்தது, அதே பதிப்பை மொத்தப் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அந்த ஸ்லைடர் காட்டப்படவில்லை. 2017 முடிவோடு லைட்ரூம் 6க்குப் புதிய கேமரா ஆதரவும் நின்றது. கலர் லேப் காலத்தில் நாம் கவரோடு காத்திருந்தது நினைவிருந்தால், இந்த நிலையும் புதிதாகத் தோன்றாது. லேப் நம் மேசைக்கு வந்துவிட்டது, வாடகைக்கு.

டீஹேஸைப் பற்றி ஒரு கிளைக்கதை. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்து, மலைக்கு இந்தப்பக்கம் மெல்லிய தூறலாகச் சிதறுவதுதான் சாரல். குற்றாலத்தின் பருவமே அதுதான். அந்த ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினால் திரிகூடமலை துலக்கமாகத் தெரியும், சாரல் போய்விடும். சில நாள் குளித்துவிட்டுப் போகிறவர் அதைத் தெளிவு என்பார். தென்காசிக்காரர், “இது எந்த ஊர் மலை?” என்று கேட்பார். இரைச்சல் நீக்கத்திலும் இதே கதைதான். டி.எக்ஸ்.ஓ. நிறுவனம் 2020இல் டீப்பிரைம் என்ற பெயரில் கொடுத்ததும், லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்ததும் இயந்திரக் கற்றலால் இயங்குபவை. இருட்டிய ஐந்தருவிச் சோலையில் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்த படத்துக்கு இவை பெரிய வரம். ஆனால் மிதக்கும் நுண்துளிகளும் இரைச்சல் புள்ளிகளும் அவற்றின் கண்ணுக்கு ஒரே சாயல். அழுத்தமாக ஓட்டினால் துளிகள் துடைக்கப்பட்டு, இலையில் இல்லாத நரம்புகள் முளைக்கும். டிரைப் மேகம் தீட்டியது தெரிந்தே. இங்கே எடுத்தவருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

பச்சைக்கும் தனி வரலாறு இருக்கிறது. 2012இல் எக்ஸ்-புரோ1 கேமராவில் பியூஜிபிலிம் கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் 36 புள்ளிகளுக்கு 20 பச்சை. அடுக்கும் பேயர் அடுக்கு அல்ல. தொடக்கத்தில் அடோபி மென்பொருளில் திறந்தபோது இலைக்கூட்டம் நீர்வண்ண ஓவியம்போல் பிசுபிசுத்தது, கூர்மையைக் கூட்டினால் புழுப்போல நெளிந்தது. அதே கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் இலைகள் தனித்தனியாக நின்றன. குற்றாலம் போன்ற அடர்ந்த பச்சையில் பியூஜி கேமரா வைத்திருப்பவர், கேமரா வாங்கிய கவனத்தோடு மென்பொருளையும் சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களில் தொல்லை வேறு. அந்த மஞ்சள் மிகச் செறிவானது. மென்பொருள் அதைச் சிறிய வண்ணவெளிக்குள் திணித்தால் இதழின் மடிப்புகள் மறைந்து மஞ்சள் அட்டையாகிவிடும். தென்காசி விசுவநாதர் கோயிலின் 9 நிலை ராஜகோபுரத்துக்கு வேண்டியது சாய்ந்த கோடுகளை நிமிர்த்தும் கருவி. அதை இப்போது பெரும்பாலும் எல்லா மென்பொருளும் தருகின்றன.

இத்தனை கணக்குகளையும் எழுதியவர்கள் கலிபோர்னியாவிலும் கோபன்ஹேகனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள், அல்லது உலகெங்கும் சிதறிய தன்னார்வலர்கள். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. மென்பொருள் எழுதுவது இந்த வட்டாரத்துக்கு அந்நியத் தொழில் அல்ல. இருந்தாலும் குற்றாலத்துப் பச்சைக்கான கணக்கு வெளியிலிருந்தே வருகிறது. அதனால் மென்பொருள் முதலில் காட்டும் நிறத்தைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இனி தேர்வு. கல்யாண வேலை செய்யும் ஸ்டுடியோவுக்கு வேகமும் ஆல்பம் டிசைனரோடு ஒத்துப்போவதும் முக்கியம். லைட்ரூம் சந்தாவைக் கடை வாடகை, மின்கட்டணத்தோடு எழுதிக்கொள்ளலாம். சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். நிறம் திருத்தும் டெவலப் பகுதி மூடிக்கொள்ளும். பருவத்துக்குப் பருவம் அருவி பார்க்க வருகிற அமெச்சூருக்கு என் பரிந்துரை ரா தெரபி அல்லது டார்க்டேபிள். பழகுவதற்குப் பொறுமை வேண்டும். டார்க்டேபிள் முதல் வாரத்தில் பலரை விரட்டிவிடும். ஆனால் எரிந்த தண்ணீரை எந்த முறையில் கட்டுவது, விடுபட்ட நிறத்தை எந்தக் கணக்கில் ஊகிப்பது என்பதை இரண்டும் நம்மிடம் கேட்கின்றன. கேமரா நிறுவனத்தின் இலவச மென்பொருள்கள் நிறத்தில் குறை சொல்ல முடியாதவை, வேகத்தில் சொல்லலாம்.

இதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, செய்த திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை. ஆப்பிள் 2014இல் அபெர்ச்சரைக் கைவிடுவதாக அறிவித்தது. 2019க்குப் பிந்தைய மேக் இயங்குதளங்களில் அது திறப்பதே இல்லை. நிக்கானின் கேப்ச்சர் என்.எக்ஸ். 2இல் புள்ளி வைத்துத் திருத்தும் வசதி, 2014இல் வந்த என்.எக்ஸ்-டியில் காணாமல்போய், சில ஆண்டுகள் கழித்தே திரும்பியது. ரா கோப்புகள் அப்படியே இருந்தன. வருடக்கணக்கான உழைப்புதான் அந்தரத்தில் தொங்கியது. ரா தெரபியின் திருத்தம் சாதாரண எழுத்துக் கோப்பாகப் படத்தின் பக்கத்திலேயே கிடக்கும். அடோபியையும் ஒன்றுக்குப் பாராட்ட வேண்டும்: 2003, 2010, 2012 என்று பழைய கணக்குமுறைகளைத் தூக்கி எறியாமல் உள்ளேயே வைத்திருப்பதால், பழைய திருத்தம் பழைய தோற்றத்தோடே திறக்கிறது. எதைத் தேர்ந்தாலும், முடிந்த படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வைப்பது உத்தமம்.

2004இல் நிக்கான் டி70இல் ரா கோப்பாக எடுத்த அருவிப் படம் யாரிடமாவது இருந்தால், அதை இன்றைய மென்பொருளில் மறுபடி திறந்து பார்க்கலாம். அன்று வெள்ளையாகக் கைவிட்ட தண்ணீரில் இழைகள் வரலாம். பாறையின் கறுப்புக்குள் பாசி தெரியும். டேனியல்கள் 12 ஆண்டு கழித்துப் பாபநாசத்துக்கு நிறம் கொடுத்தார்கள். இந்தக் கோப்பு 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கழுவப்படக் காத்திருக்கிறது.