மண்டகள்ளியின் வெற்றுக் கட்டங்கள்: மைசூருவுக்கு விமானம் வந்ததும் போனதும்

விமான நிறுவனங்கள் வழித்தடங்களைக் கைவிடும்போது அண்மைக்காலமாக இரண்டு காரணங்களைத் தவறாமல் கூறுகின்றன: செலவு கூடிவிட்டது; வரவேண்டிய விமானங்கள் வந்து சேரவில்லை. இரண்டும் பொய்யல்ல. 2023இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் உலோகத்தூளில் குறை கண்டறியப்பட்டபின் இண்டிகோவின் விமானங்கள் பல தரையில் நிறுத்தப்பட்டன. அதே நிறுவனத்தின் எஞ்சின்கள் கிடைக்காததைச் சுட்டி, அவ்வாண்டு மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு அளித்தது. 2024 இறுதியில் உலகெங்கும் கொடுபடாமல் நிலுவையில் இருந்த விமானங்கள் ஏறத்தாழ 17,000. ஆனால் விமானம் குறையும்போது எந்த ஊரின் சேவை முதலில் நிற்கிறது, ஏன் அந்த ஊர் என்பதை இவ்வறிக்கைகள் சொல்வதில்லை. அதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சில பத்தாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். கல்வெட்டு மைப்படிகளைத் தேடி மைசூருவுக்கு அலைந்த தமிழ் ஆய்வாளர்களில் நானும் ஒருவன் என்பதால், என் தேர்வு அந்த ஊர்.

மைசூருவின் தெற்கே, நஞ்சன்கூடு சாலையில் உள்ள மண்டகள்ளியில் விமானத்தளத்தை அமைத்தது மைசூர் சமஸ்தானம், ஆண்டு 1940. அதே ஆண்டு டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்தும் சமஸ்தானமும் கூட்டாகப் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். விமானம் கட்டும் தொழிற்சாலைக்கு முதலிட்ட ஓர் அரசின் தலைநகர், பின்னாளில் விமானத்துக்குக் காத்திருக்கும் ஊரானது.

போருக்குப்பின் நிலைமை இன்றைக்கு நேர்மாறானது. போரில் பயன்பட்ட டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. குறுகிய, எளிய தளங்களிலும் அவை இறங்கும். 1953இல் எட்டு நிறுவனங்களை இணைத்து உருவான இந்தியன் ஏர்லைன்ஸ், அந்தப் பத்தாண்டின் நடுவில் பெங்களூருக்கும் மைசூருக்குமிடையே டகோட்டாவை இயக்கிப் பார்த்தது. பயணிகள் சாலையையே விரும்பினர், சேவை நின்றது. 1980களின் நடுவில் வாயுதூத், கான்பூரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டுவந்த டோர்னியர் 228 வகையைக் கொண்டு வந்தது. தஞ்சாவூரையும் நெய்வேலியையும் வான்வரைபடத்தில் ஏற்றிய அதே வாயுதூத்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மைசூர்ச் சேவை முடிந்துவிட்டது. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கால அட்டவணையில் இவ்வூர் இல்லை.

புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2010 மே மாதம் திறக்கப்பட்டது. அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏடிஆர் விமானத்துடன் வந்து, 2011 நவம்பரில் போனது. 2013இல் ஸ்பைஸ்ஜெட் பம்பார்டியர் க்யூ400 கொண்டு சென்னையை இணைத்து, 2014இல் விலகியது. 2015இல் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம் பெங்களூருவுக்குப் பறந்தது, இரண்டு மாதங்கள்தாம். 2017 செப்டம்பரில் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் மீண்டும் சென்னையை இணைத்தது. 2019இல் அலையன்ஸ் ஏர் ஹைதராபாத், கொச்சி, கோவா, பெங்களூரு என விரித்தது. ட்ரூஜெட் 2022 தொடக்கத்தில் பறப்பதையே நிறுத்திவிட்டது.

இந்த வரிசையைப் படிக்கும் எவரும் 'மைசூருவில் பயணிகள் இல்லை' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் நிறுத்தப்பட்ட காலங்களை அந்தந்த நிறுவனத்தின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தபோது இரண்டு வெவ்வேறு கதைகள் ஒன்றாகக் கலந்து கிடப்பது தெரிந்தது.

முதலாவது பெங்களூருவின் கதை. அதை முடித்தது சாலை. டகோட்டா காலத்திலேயே தோற்ற வழி அது. 2008இல் பெங்களூருவின் விமானநிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியபோது, தெற்கிலிருந்து வருபவர் முழு நகரையும் கடக்க வேண்டியதாயிற்று; இணைப்பு விமானத்துக்கு அது ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஃபிளைபஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023 மார்ச்சில் 118 கிலோமீட்டர் விரைவுச்சாலை திறக்கப்பட்டு, மூன்று மணிநேரப் பயணம் ஒன்றரை மணியளவில் சுருங்கியபின், இவ்வழியில் விமானத்துக்குப் பொருளாதார நியாயம் எதுவும் மிஞ்சவில்லை. இங்கே 'பயணிகள் இல்லை' என்பது உண்மை.

இரண்டாவது, சென்னை போன்ற தொலைநகரங்களின் கதை. சென்னையிலிருந்து வந்தே பாரத் ரயில்கூட ஆறரை மணிநேரம் எடுக்கிறது. விமானத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி. இந்த வழிகள் அறுந்த தருணங்களைப் பாருங்கள். 2014 இறுதியில் ஸ்பைஸ்ஜெட் முழுவதுமே மூடப்படும் நிலையில் இருந்தது. நாடெங்கும் சேவைகளைக் கொத்துக்கொத்தாக நிறுத்தியது. ட்ரூஜெட் தானே வீழ்ந்தது. கிங்ஃபிஷர் மைசூருவுக்கு ஓட்டியது பெங்களூருச் சேவைதான் என்றாலும், அது விலகிய 2011 நவம்பர் அந்நிறுவனம் பணமின்றித் தத்தளித்த மாதம்; ஓராண்டுக்குள் அதன் உரிமமே முடக்கப்பட்டது. அதே கிங்ஃபிஷரும் ட்ரூஜெட்டும் அதே போக்கில் சேலம் காமலாபுரத்துக்கும் வந்து போயின என்பதைத் தமிழக வாசகர்கள் நினைவுகூரலாம். சேலத்துக்கும் மைசூருவுக்கும் ஒரேவகை நோய் வந்ததெனில், மருந்தை ஊரில் தேடுவது பிழை.

நோய் ஓடுபாதையின் நீளத்தில் இருக்கிறது. மண்டகள்ளியின் ஓடுபாதை 1,740 மீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட்கள் வழக்கமான சேவைக்கு இங்கே வர இயலாது. எழுபது எண்பது இருக்கைகள் கொண்ட டர்போபிராப்கள்தாம் வரலாம். அவ்வகையில் உலகில் இரண்டே போட்டியாளர்கள் இருந்தனர். க்யூ400 உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. எஞ்சியிருப்பது பிரான்ஸின் துலூஸில் கட்டப்படும் ஏடிஆர் மட்டும். ஆண்டுக்கு நாற்பதைக்கூட எட்டாத எண்ணிக்கையில்தான் அது அண்மையில் வெளிவருகிறது. 2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 எனக் கொடுத்த பெரும் ஆர்டர்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைத்தன. அந்த 970இல் மண்டகள்ளியில் இறங்கத்தக்கது ஒன்றுகூட இல்லை. அவை தாமதமானாலும் உரிய காலத்தில் வந்தாலும் இவ்வூருக்கு நேரடியாக ஒன்றும் நேரப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின் கையிலுள்ள சில ஏடிஆர்களில் ஒன்று பழுதானால் மட்டும் உடனே நேரும்.

ஏடிஆரைக் கொண்டு சிறுநகரங்களை இணைக்கலாம் என்று 2003இல் காட்டியவர் ஏர் டெக்கானின் கோபிநாத்; 'சூரரைப் போற்று' பார்த்தவர்கள் அறிவார்கள். அந்நிறுவனம் பின்னர் கிங்ஃபிஷரின் கைக்குப் போனதைப் படம் சொல்லவில்லை. உள்நாட்டிலேயே சிறு விமானம் செய்யும் முயற்சியும் இருந்தது. தேசிய வான்வெளி ஆய்வகத்தின் சரஸ் 2004இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் இரண்டாம் மாதிரி 2009 மார்ச்சில் பிடதி அருகே விழுந்து மூவர் இறந்தனர். பிடதி, மைசூரு போகும் அதே சாலையில்தான் உள்ளது.

மானியம் இந்த இடைவெளியை நிரப்பும் என்பது உடானின் நம்பிக்கை. மூன்றாண்டுகளுக்கு இழப்பீட்டு நிதி, விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் விதிக்கும் வரியில் பெருங்குறைப்பு, பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை தரும் கணக்கு கடுமையானது: மூன்றாம் கட்டம்வரை வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை, தொடங்கிய 371இல் மூன்றாண்டு நிறைவு செய்தவை 112, அதற்கப்பாலும் நீடித்தவை 54. மானியம் கட்டணத்தைக் குறைக்கும், இழப்பை ஈடுசெய்யும். விமானத்தை உண்டாக்காது. டாலரில் குத்தகை செலுத்தும் நிறுவனத்திடம் விமானம் குறைவாக இருக்கையில், அது எங்கே அதிகம் ஈட்டுமோ அங்கேதான் அனுப்பப்படும்.

ஆகவே ஓடுபாதையை 2,750 மீட்டராக நீட்டும் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்காகச் சொல்லப்படும் காரணத்தை ஏற்கவில்லை. அருகிலுள்ள உழவர் நிலம் இருநூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நஞ்சன்கூடு நெடுஞ்சாலையைச் சுரங்கமாகவோ மாற்றுவழியாகவோ திருப்ப வேண்டும். இவ்வளவையும் கேட்பவர்கள், நீட்டினால் எல்லா வழித்தடங்களும் திரும்பும் என்கிறார்கள். பெங்களூரு திரும்பாது. சென்னை, ஹைதராபாத், மும்பை ஆகியவற்றுக்கு ஒற்றை விமான வகையைச் சார்ந்திருக்கும் நிலை மட்டும் நீங்கும். நிலம் கொடுப்பவரிடம் இந்த அளவையே சொல்லிக் கேட்க வேண்டும்.

முனைவர்பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒன்று. உள்நாட்டு நகர இணைவாரியான மாதாந்திரப் பயணியர் எண்ணிக்கையை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. சேவை நிறுத்தப்படுவதற்கு முந்தைய ஆறு மாதங்களின் எண்களை மைசூரு–சென்னை, மைசூரு–பெங்களூரு இரண்டுக்கும் தனித்தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். மேலே நான் பிரித்த இரண்டு கதைகளும் நிற்குமா, சரியுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.