பாப்பிரஸ் கோரை

பாப்பிரஸ் கோரை (தாவரவியல் பெயர்: சைப்பரஸ் பாப்பிரஸ்) கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் சதுப்புநிலத் தாவரம். ஆப்பிரிக்காவின் ஏரிக்கரைகளும் ஆற்றுச் சதுப்புகளும் இதன் தாயகம். பண்டைய எகிப்தியர் இதன் தண்டிலிருந்து எழுதும் தாள் செய்தனர். இன்று வெப்ப நாடுகள் பலவற்றில் குளங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. தாளுக்கான தேவை ஒழிந்தபின் எகிப்தில் ஏறக்குறைய அற்றுப்போன இச்செடியை, அந்த மண்ணுக்கு மீட்டுத் தந்ததில் தோட்ட வளர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

தாவர இயல்பு

சேற்றில் கிடையாக ஓடும் தடித்த கிழங்கிலிருந்து கணுவில்லாத, முக்கோண வடிவத் தண்டுகள் எழுகின்றன. நல்ல நீர்வளத்தில் அவை 4 முதல் 5 மீட்டர் உயரம் வளரும். இலைகள் தண்டின் அடியில் பழுப்பு உறைகளாகச் சுருங்கிவிட்டன. அதனால் உணவு தயாரிக்கும் வேலையைப் பசுந்தண்டும், அதன் உச்சியில் கொத்தாக விரியும் மெல்லிய இழைகளும் செய்கின்றன. இழைகளின் நுனியில் பழுப்புநிறச் சிறு பூங்கதிர்கள் தோன்றும். தமிழ்நாட்டு வயல்களில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்குச் செடியும், பத்தமடைப் பாய்க்கு உதவும் கோரையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

பண்டைய எகிப்தில்

சக்காராவில் ஹேமகா என்ற உயரதிகாரியின் கல்லறையில் எழுதப்படாத பாப்பிரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. அது ஏறத்தாழ கி.மு. 2900-ஐச் சேர்ந்தது. கிடைத்துள்ள எழுத்துச் சுருள்களில் மிகப் பழையவை, செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்பில் 2013-இல் கண்டெடுக்கப்பட்டன. கூஃபு மன்னரின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற படகுக் குழுவின் தலைவர் மெரெர் எழுதிய நாட்குறிப்பு அவற்றில் உள்ளது.

தாள் செய்ய, தண்டின் பசுந்தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்சோற்றை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாகச் சீவுவார்கள். கீற்றுகளை அருகருகே பரப்பி, அவற்றின்மேல் குறுக்காக இன்னோர் அடுக்கு வைத்து அழுத்தி உலர்த்துவார்கள். படகு, கயிறு, பாய், செருப்பு, கூடை ஆகியவற்றுக்கும் தண்டு பயன்பட்டது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்செடியை விவரித்த கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், அது இரண்டு முழ ஆழமுள்ள நீரிலும் அதற்குக் குறைந்த நீரிலும் வளர்வதாக எழுதினார். விலையை உயர்த்துவதற்காகச் சிலர் பல இடங்களில் இதை வளரவிடாமல் தடுத்தனர் என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

எகிப்தியர் இதன் அழகையும் போற்றினர். கர்னாக் கோயிலின் பெருமண்டபத்தில் நடுவே நிற்கும் 12 பெருந்தூண்களின் தலைப்பகுதி, விரிந்த பாப்பிரஸ் கொத்தாகச் செதுக்கப்பட்டுள்ளது. சுற்றியுள்ள 122 தூண்கள் மூடிய மொட்டின் வடிவில் முடிகின்றன. அமர்னா அரண்மனையில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி வெளிக்கொணர்ந்த வண்ணத் தரையிலும் பாப்பிரஸ் புதர்களும் அவற்றிடையே பறவைகளும் தீட்டப்பட்டிருந்தன.

தமிழரின் பழைய வரலாற்றுக்கும் இத்தாள் சான்று தருகிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, சேரநாட்டு முசிறித் துறைமுகத்துடன் நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்துள்ளது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பிடப்பட்டுள்ளது.

மறைவும் மீட்சியும்

அரபு உலகில் காகிதம் பரவியபின், 11-ஆம் நூற்றாண்டுக்குள் பாப்பிரஸ் தாள் வழக்கொழிந்தது. பயிரிடுவோர் கைவிட்டனர். சதுப்புகளும் வேளாண் நிலங்களாயின. எகிப்தில் செடி அரிதாகி, காலப்போக்கில் ஏறக்குறைய மறைந்தது. சிசிலியில் தொடர்ச்சி இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் பலெர்மோவைக் கண்ட பயணி இப்னு ஹவ்கல், அங்கு இது கப்பல் கயிறுகளுக்குப் பயன்பட்டதைக் குறித்தார். சிராகூசா அருகே சியானே ஆற்றங்கரையில் இன்றும் இது செழிக்கிறது. அங்கேதான் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர் அறிஞர் சவேரியோ லாண்டோலினா மீண்டும் தாள் செய்து பார்த்தார்.

1872-இல் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்திலிருந்து செடிகள் கெய்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டன. எகிப்தியத் தூதராக இருந்த ஹசன் ரகப், 1960-களில் சூடானிலிருந்து கிழங்குகளைத் தருவித்து நைல் கரையில் பயிரிட்டுத் தாள் தொழிலை உயிர்ப்பித்தார். எகிப்தின் வாடி நத்ரூன் பகுதியில் சிறிய இயற்கைத் திட்டு ஒன்றை 1968-இல் தாவரவியலாளர் எல் ஹதிதி கண்டறிந்தார்.

வளர்ப்பும் பராமரிப்பும்

செடியின் தேவைகள் அதன் பிறந்த இடத்தையே பின்பற்றுகின்றன: நாள்முழுதும் வெயில், எப்போதும் ஈரம், ஊட்டமுள்ள சேறு. அடியில் துளையில்லாத அகன்ற தொட்டியில் வண்டலோடு களிமண் கலந்து நிரப்பி, கிழங்கை மண்மட்டத்தில் நட்டு, மண் கரையாமலிருக்க மேலே சரளைக்கல் பரப்ப வேண்டும். இளஞ்செடிக்குக் கிழங்கின்மேல் சில சென்டிமீட்டர் நீர் போதும். வேர் பிடித்தபின் ஒரு சாண் வரை உயர்த்தலாம். மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்தாலும் இழைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கும்.

பச்சைச் சாணத்தை நீரில் இட்டால் பாசி பெருகும். மெதுவாகக் கரையும் உரத்தை வேரருகே மண்ணுக்குள் புதைப்பதே ஏற்றது. பலத்த காற்றில் உயர்ந்த தண்டுகள் மடிந்துவிடுவதால் சுவரோ வேலியோ அணைவாக இருப்பது நல்லது. மஞ்சளாகும் தண்டை அடியோடு வெட்டினால் புதுத் தண்டுக்கு இடம் கிடைக்கும். சில ஆண்டுகளில் புதரின் நடுப்பகுதி நலிவுறும். அப்போது கோடைத் தொடக்கத்தில் கிழங்கைத் தோண்டி, முளையுள்ள விளிம்புத் துண்டுகளைப் பிரித்து நட வேண்டும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். மிக நுண்ணிய விதைகளை மூடாமல் ஈர மண்ணின் மேலேயே தூவி, வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடாதிருக்கக் கப்பி மீன்களை விடுவது வழக்கம்.

உறைபனி இச்செடிக்கு ஆகாது. குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் தொட்டியோடு கண்ணாடிக் குடிலுக்குள் மாற்றுகிறார்கள். சிறு இடங்களுக்கெனக் குள்ள வகைகளும் விற்கப்படுகின்றன.

சூழலும் எச்சரிக்கையும்

தெற்கு சூடானின் சட் பெருஞ்சதுப்பிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் பாப்பிரஸ் காடுகள் பறவைகளுக்கும் மீன்களுக்கும் புகலிடம். உகாண்டா தலைநகர் கம்பாலாவின் கழிவுநீர், நகிவுபோ பாப்பிரஸ் சதுப்பு வழியே ஓரளவு வடிகட்டப்பட்டு ஏரியைச் சேர்கிறது. தாயகத்தில் இவ்வளவு பயன்தரும் செடி, அயல் நீர்நிலையில் தப்பிப் பரவினால் உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிவிடும். ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இது தோட்டங்களைத் தாண்டிப் பரவியுள்ளது. ஆகவே தொட்டிக்குள் அடக்கி வளர்ப்பதும், கழித்த கிழங்குகளை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாமல் வெயிலில் நன்கு காயவைத்து உரக்குழியில் இடுவதும் வளர்ப்போரின் கடமை.