பெட்ரோல் விலை ஏன் குறையல? பங்க்கைப் புறக்கணித்தால் குறையுமா? ஒரு உத்திரமேரூர் கணக்கு

உத்திரமேரூரில் ரயில் நிலையம் கிடையாது. காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ வேலைக்குப் போகணும்னா பஸ், இல்லைன்னா பைக். போகவர சுமார் 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள் வேலைக்கு 30 லிட்டர் வேணும்.

2024 மார்ச் 15-ல் விலை 2 ரூபாய் குறைக்கப்பட்டபோது சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு. டேங்கர் லாரி வரும் தூரத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அந்த விலையில் மாதச் செலவு சுமார் 3,000 ரூபாய். அதில் 1,200 ரூபாய்க்கும் மேல் வெறும் வரி!

அந்த 100 ரூபாய் எங்கே போகுது?

அந்த விலையில் மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு. தமிழக அரசின் வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 21 ரூபாய். பங்க் உரிமையாளருக்குக் கிடைக்கும் கமிஷன் சில ரூபாய்தான். கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்து, எண்ணெய் நிறுவனங்களின் லாபம் எல்லாம் மிச்சமுள்ள தொகைக்குள் அடங்கிவிடும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். மத்திய வரி முழுக்க லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. மாநில வரியிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். அதனால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் இந்தத் தொகை தானாகக் குறையாது.

உலகச் சந்தையில் குறைஞ்சா நமக்கு ஏன் குறையல?

2010-ல் பெட்ரோல் விலையையும் 2014-ல் டீசல் விலையையும் அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை நிர்ணயம் வந்தது. உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றுதான் அப்போது சொன்னார்கள்.

நடந்தது வேறு. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனது. மே முதல் வாரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரியைக் கூட்டியது. அதே வாரத்தில் தமிழக அரசும் வாட் வரியை உயர்த்தியது. இறங்கிய விலை மக்களிடம் வரும் முன்பே இரண்டு அரசுகளும் எடுத்துக்கொண்டன.

அடுத்தது தேர்தல். உத்தரப் பிரதேசம் உட்பட 5 மாநிலத் தேர்தல் நடந்த 2021-22-ல் நான்கரை மாதம் விலை நகரவே இல்லை. தேர்தல் முடிந்ததும் 2022 மார்ச் 22 முதல் 16 நாளில் 14 முறை ஏறி, லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசைத் தொட்டது. தினசரி விலை நிர்ணயம் என்பது பெயருக்குத்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேணும்?

எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. உக்ரைன் போருக்குப் பிறகு விலையை உயர்த்தாமல் விற்றதில் 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 3 பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து 21 ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். சரி, ஒத்துக்கலாம். ஆனா 2023-24-ல் அதே நிறுவனங்களின் லாபம் சுமார் 81 ஆயிரம் கோடி. பங்க்கில் குறைந்ததோ 2 ரூபாய்.

டெல்லி ஒண்ணு சொல்லுது, சென்னை ஒண்ணு சொல்லுது

முந்தைய ஆட்சி வெளியிட்ட எண்ணெய்ப் பத்திரக் கடனை அடைப்பதால்தான் வரியைக் குறைக்க முடியவில்லை என்று 2021-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். கடன் இருந்தது உண்மை. ஆனால் 2021-22-ல் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டியது சுமார் 20 ஆயிரம் கோடி. அதற்கு முந்தைய ஆண்டு பெட்ரோலியப் பொருட்களின் கலால் வரியில் மட்டும் வந்தது 3.7 லட்சம் கோடிக்கு மேல்.

தமிழக அரசின் வாதம் இது: 19 ரூபாய் 90 காசில் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்வது 1 ரூபாய் 40 காசு அடிப்படை வரியை மட்டும்தான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. இதில் நியாயம் இருக்கு. ஆனா திமுக 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பு. அந்த ஆகஸ்டில் குறைந்தது பெட்ரோலுக்கு 3 ரூபாய் மட்டும்.

ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமே என்றால், 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தது. வருமானம் போகும் என்பதில் மட்டும் மத்திய, மாநில அரசுகளுக்குள் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை!

கணக்குக் காட்டாதவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்று பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். வரி விஷயத்திலும் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: எத்தனை ரூபாய் வாங்கினீங்க, எங்கே போச்சு?

ஒருநாள் புறக்கணிப்பு பலன் தருமா?

விலை ஏறும்போதெல்லாம் "ஞாயிற்றுக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஞாயிறு போடாதவர் சனியோ திங்களோ போடத்தான் போகிறார். மொத்த விற்பனை அப்படியே இருக்கும். ஒரு நிறுவனத்தின் பங்க்கை மட்டும் ஒதுக்கினாலும் இதே கதைதான். இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் மூன்றிலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், மூன்றும் பொதுத்துறை. அடி விழுவது கமிஷனில் பிழைக்கும் பங்க் ஊழியர்களுக்கு.

பலன் தருவது, போடும் லிட்டரைக் குறைப்பது. ஒரே கம்பெனிக்குத் தனித்தனி பைக்கில் போகும் இருவர் ஒரே பைக்கில் போனால் ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் மிச்சம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. மற்ற பஸ்களிலும் 2018 ஜனவரியில் ஏறிய கட்டணம், சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டிய 2022 ஏப்ரலில்கூட ஏறவில்லை.

விவசாயிக்குத்தான் வழி குறைவு. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கு. உழவு டிராக்டரும் அறுவடை மிஷினும் டீசலில்தான் ஓடணும். டீசல் ஏறினால் மணி வாடகை உடனே ஏறும். டீசல் குறைந்தால் வாடகை குறைவது அபூர்வம். பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் மிஷினை வரவழைத்தால், வண்டி வந்துபோகும் செலவாவது பங்கு பிரியும்.

மைலேஜ் குறையுதே என்று மெக்கானிக்கைத் திட்டும் முன் இன்னொன்று: இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ப வடிவமைக்காத பழைய பைக்குகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்கிறது. டயரில் காற்று சரியாக இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

100-க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பது வெறும் நம்பிக்கை. அளவில் சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், எல்லா பங்க்கிலும் அது இருக்கணும். கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் பேப்பர் சோதனையும் கேட்கலாம். அளந்து காட்ட மறுத்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில்லை மறக்காமல் வாங்கி வைத்துக்கோங்க.